நான் அடைத்த ஜன்னல்கள்

போன வருஷம் மார்ச் மாசம், முழுப்பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஆம்பூருக்கு வெளியே இருக்கிற ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் நடந்தது இது. அங்கே ஏசி, ஹாஸ்டல் வெந்நீர், ஜெனரேட்டர் மூன்றையும் பார்த்துக்கொள்கிற ஆள் நான். பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் பத்திரிகை வந்தால் முதலில் சிறுவர் பக்கத்தைத்தான் புரட்டுகிறார்கள். அதனால்தான் இதைப் பிள்ளைகளுக்கு என்றே எழுதுகிறேன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூன்று மாடி, அறுபதுக்கு மேல் ஏசி, ஒரே ஆள். மார்கழியில் ஹாஸ்டல் பிள்ளைகள் வெந்நீர் வரவில்லை என்பார்கள். மாசி பிறந்ததும் கூலிங் வரவில்லை என்பார்கள். ஒரே ரூமில் முதல் பெஞ்சு குளிருகிறது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், கடைசி பெஞ்சு நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருக்கும். இரண்டு பேருக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடியில் அவுட்டோர் யூனிட்டைக் கழற்ற ஏறினால் ஸ்பேனரைத் துணி சுற்றித்தான் பிடிக்க முடியும். நாலு மணிக்கு இறங்கி வரும்போது முழங்கால் என்னுடையதா என்று இருக்கும். வாட்ச்மேன் பாய் கேட்டருகே நின்று ஒவ்வொரு நாளும் கேட்பார்.

"இன்னா தோஸ்த், ஊருக்கெல்லாம் ஐஸ் வெக்கிற. நீ மட்டும் வடை மாதிரி வெந்து வர்ற."

சிரிக்கக்கூடத் தெம்பு இருக்காது. கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவேன்.

எங்கள் பள்ளியில் ஏசி வகுப்பு, சாதாரண வகுப்பு என்று இரண்டு உண்டு. ஏசி வகுப்புக்குப் பெற்றோர்கள் கூடுதலாகக் கட்டுகிறார்கள். பள்ளிக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்று இருக்கிறது. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் வாசனை வரும். ஆம்பூர்க்காரர்களுக்கு அது புதிசில்லை. ஆனால் நாள் முழுக்க ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிற அப்பா அம்மாக்களுக்குத் தங்கள் பிள்ளையின் யூனிஃபார்மில் அந்த வாசனை வரக் கூடாது. அது நியாயமான ஆசைதான். பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டே விட்டார். "ஏசி கிளாஸுன்றீங்க. உள்ள வந்து உக்காந்தா ஷாப்புலயே உக்காந்த மாதிரி இருக்குது. நாங்க படிக்க அனுப்புறோமா, தோல் ஊற வெக்க அனுப்புறோமா?"

பிரின்சிபால் மேடம் என்னைக் கூப்பிட்டு, ஏதாவது செய்யப்பா என்றார்கள். எப்படி என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பொங்கல் லீவில் மூன்று நாள் வந்து செய்தேன். ஷாப்பைப் பார்த்திருப்பது ஐந்தாம் வகுப்பு பி பிரிவு. மூலை ரூம். முதலில் அதை முடித்துவிட்டு, சரிவந்தால் கோடை லீவில் மற்ற ரூம்களையும் செய்யலாம் என்று திட்டம். ஜன்னல் கதவுகளின் இடுக்கெல்லாம் சிலிக்கான் பசை அடித்து ஒட்டினேன். சுவரில் இருந்த எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றிவிட்டு, அந்த வட்டமான ஓட்டையைப் பிளைவுட் வைத்து மூடி, பெயிண்டும் அடித்தேன். கதவுக்குக் கீழே ஸ்பாஞ்சுப் பட்டை. கதவு தானாகச் சாத்திக்கொள்ள ஸ்பிரிங். ஒரு கொசு உள்ளே வர வழியில்லை.

லீவு முடிந்து திறந்தபோது ஷாப்பு வாசனை ஒரு துளி இல்லை. ரூம் சீக்கிரம் குளிர்ந்தது, மெஷின் அடிக்கடி ஓய்வெடுத்தது. மேடம் எல்லா டீச்சர்கள் முன்பாகவும் என்னை நிற்க வைத்து, இவர் மூளையைப் பாருங்கள் என்றார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். இருபது வருஷ வேலையில் எனக்கு யாரும் கை தட்டியதில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதை இரண்டு தரம் சொன்னேன்.

பிப்ரவரியில் அந்த வகுப்பு டீச்சர் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். சின்ன வயசு டீச்சர், நல்ல மாதிரி. "அண்ணா, ரூம்ல இன்னாமோ சரியில்ல. மத்தியானத்துக்கு மேல பசங்க தலவலிக்குதுன்றாங்க. எனக்கும் வலிக்குது."

நாலரை மணிக்குப் போய்ப் பார்த்தேன். நான் எப்போதும் அப்போதுதான் போவேன். வகுப்பு நடக்கும்போது ஏணியைத் தூக்கிக்கொண்டு நுழைந்தால் பிள்ளைகள் ஏசியைப் பார்ப்பார்களே தவிர போர்டைப் பார்க்க மாட்டார்கள். பிள்ளைகள் போய், பெருக்குகிற அக்கா கதவைத் திறந்துபோட்டுக் கூட்டி முடித்த பிறகு நிம்மதியாகப் பார்க்கலாம். மீட்டர் இருபத்து நாலு டிகிரி காட்டியது. ஃபில்டர் சுத்தம். ரிஜிஸ்டரில் 'சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இப்படியே நாலு தரம் வந்தார்கள், நாலு தரமும் அதையே எழுதினேன்.

"கூலிங் கரெக்டா இருக்கு டீச்சர். மீட்டர் பொய் சொல்லாது."

"மீட்டருக்குத் தலை இருந்தாதான அண்ணா வலிக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. ஊரே பாராட்டின வேலையில் குறை சொல்கிறார்களே என்று. அந்த ரூமுக்குள் நுழைந்தால் தலைவலித் தைலம் வாசனை அடிக்கும். ஷாப்பு வாசனை போய்த் தைல வாசனை வந்திருந்தது. அது ஏன் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அந்த வகுப்பில் கடைசி பெஞ்சில், நான் பிளைவுட் அடித்த இடத்துக்கு நேர் கீழே, ஒரு பிள்ளை உட்காரும். பத்து வயசு. பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு கிராமத்திலிருந்து வேனில் வருகிறது. அம்மா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறார். அவர் காலையில் ஆறு மணி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் பிள்ளையும் ஐந்துக்கே எழுந்துவிடும். அரையாண்டு வரை நன்றாகப் படித்த பிள்ளைதான். பொங்கலுக்குப் பிறகு வகுப்பில் தூங்க ஆரம்பித்தது. முதலில் மத்தியானம், பிறகு பதினோரு மணிக்கே. டீச்சர் திட்டினார்கள், எழுப்பி நிற்க வைத்தார்கள். வகுப்பே அதற்குத் தூங்குமூஞ்சி என்று பெயர் வைத்துவிட்டது. நானும் காரிடாரில் போகும்போது ஒரு நாள், "இன்னா தூங்குமூஞ்சி, ஏசி நல்லா தாலாட்டுதா?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை சிரித்தது. சிரித்ததால் அதற்கு அது விளையாட்டு என்று நினைத்துவிட்டேன்.

மார்ச்சில் ஒரு புதன்கிழமை. மத்தியானம் அந்த ரூம் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டி ஒரு பையனின் நோட்டில் விழுந்தது. நாலரை வரை காத்திருக்க முடியாது. ஏணியோடு உள்ளே போனேன். கதவு என் ஸ்பிரிங்கால் தானாகச் சாத்திக்கொண்டது. டிரெயின் பைப்பில் அழுக்கு அடைத்திருந்தது. பத்து நிமிஷ வேலை என்று நினைத்தேன், முக்கால் மணி நேரம் இழுத்தது.

இருபது நிமிஷத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது. நான் பகலில் தூங்குகிற ஆள் இல்லை. அடுத்தடுத்து வந்தது. நெற்றி இரண்டு பக்கமும் யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல் இருந்தது. கையிலிருந்து ஸ்குரூ நழுவியது, மறுபடி எடுத்தேன், மறுபடி நழுவியது. வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஏணி மேலிருந்து திரும்பிப் பார்த்தால் நாற்பத்து நாலு பிள்ளைகளில் பாதிப் பேர் கன்னத்தில் கை வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளை எழுந்து நின்றுகொண்டிருந்தது. டீச்சர் நிற்க வைத்திருந்தார்கள். நின்றபடியே கண் சொருகியது. சொருகுகிறபோதெல்லாம் வலது கையால் இடது முன்கையைக் கிள்ளிக்கொண்டது. மேலிருந்து பார்த்ததால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. முன்கை முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்பு. இன்றைக்குக் கிள்ளினது மட்டும் இல்லை, பழையதும் இருந்தது.

ஏணியோடு வெளியே வந்து காரிடாரில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் தலை பளிச்சென்று ஆகிவிட்டது. அப்போதுதான் நான் அடைத்த ஓட்டை எனக்கு ஞாபகம் வந்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். வகுப்பில் சுவரில் மாட்டியிருக்கிற ஏசி வெளியிலிருந்து புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கிற காற்றையே இழுத்து, குளிர வைத்து, திரும்ப விடுகிறது, அவ்வளவுதான். நாற்பத்து நாலு பேர் விட்ட மூச்சு வெளியே போக வழியில்லை என்றால், அந்த மூச்சையே எல்லோரும் திரும்பத் திரும்ப இழுக்க வேண்டும். ஒரே தொட்டித் தண்ணீரில் ஹாஸ்டலே குளிப்பது மாதிரி. தண்ணீர் ஜில்லென்று இருந்தாலும் அழுக்கு அழுக்குதான். மீட்டர் குளிரைத்தான் காட்டும், அழுக்கைக் காட்டாது. அதிலும் நான் மீட்டர் பிடித்ததெல்லாம் காலி ரூமில், கதவு திறந்திருந்தபோது.

இது எனக்குத் தெரியாத விஷயமா என்றால் அதுவும் இல்லை. ஐ.டி.ஐ. முடித்த புதிதில் நான் ஒரு தோல் ஷாப்பில் மோட்டார் வேலை பார்த்தேன். மூடிக் கிடந்த கழிவுத் தொட்டியில் விஷவாயு இருக்கும், சட்டென்று இறங்கக் கூடாது, திறந்து காற்றாட விட்டுத்தான் கிட்டவே போக வேண்டும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். இறங்கித் திரும்பி வராதவர்களைப் பற்றி எங்கள் ஊரில் கேள்விப்படாத வீடு இல்லை. அதைத் தெரிந்த கையாலேயே ஒரு வகுப்பைத் தொட்டி மாதிரி மூடி வைத்திருந்தேன்.

சரி, உடனே ஓடிப்போய்ச் சொன்னேனா என்றால் சொல்லவில்லை. சனிக்கிழமை யாரும் இருக்க மாட்டார்கள், சத்தமில்லாமல் பிளைவுட்டை எடுத்துவிடலாம், பசையைக் கீறிவிடலாம், ஒருத்தருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். கை தட்டினவர்கள் முன்னால் போய் என் மூளை இவ்வளவுதான் என்று சொல்ல வாய் வரவில்லை. வேலை போய்விட்டால் என் பிள்ளைகளும் அதே பள்ளியில் படிக்கிறார்களே என்கிற பயமும் இருந்தது. இன்னும் இரண்டு நாள்தானே என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை காலையில் மேடம் ரூமில் ஃபில்டர் கழுவி மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளையின் அம்மாவை வரச் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. கம்பெனி கோட்டோடே வந்திருந்தார். பிள்ளை பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றது. ஏணி மேல் இருக்கிறவனை யாரும் கவனிக்க மாட்டார்கள். சுவர் மாதிரிதான் நாங்கள்.

"எத்தனை தடவைம்மா சொல்றது? டயரியில எழுதி அனுப்பியாச்சு. கிளாஸுக்கு வந்து தூங்கிட்டுப் போறா."

"வீட்ல ஒம்போது மணிக்கே படுக்க வெச்சுர்றேன் மேடம். டிவிகூட இல்ல. இங்க வந்தா இன்னா ஆவுதுன்னே தெரியல."

"டாக்டர்கிட்ட காமிச்சீங்களா?"

"ரத்தம் கம்மின்னு டானிக் குடுத்தாங்க. மூணு பாட்டில் ஆச்சு."

மேடம் கெட்டவர்கள் இல்லை. குரலைத் தணித்துத்தான் சொன்னார்கள். "இவளுக்கு இந்த ஸ்கூல் ஒத்துவரலைன்னு நினைக்கிறேன். பரீட்சை முடிஞ்சதும் டிசி வாங்கிக்குங்க. உங்க ஊர்ப் பக்கத்துலயே சேர்த்துட்டா அலைச்சலும் இல்ல. ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் குடுத்துடுங்க."

அந்த அம்மா வாதாடவில்லை. சரி மேடம் என்றார். வெளியே போனார். நான் ஃபில்டரை மாட்டிவிட்டு ஏணியை மடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தேன். காரிடாரில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணா, ஒரு ஒத்தாச. எனக்கு எழுத வராது. இவ எழுதறேன்றா, இவ கைல எழுத வெக்க எனக்கு மனசு வரல. நீங்க நாலு வரி எழுதிக் குடுங்க. பதினோரு மணிக்கு நான் கம்பெனில இருக்கணும்."

பேப்பரை ஏணிப் படியில் வைத்து எழுத ஆரம்பித்தேன். அனுப்புநர், பெறுநர் எழுதினேன். ஐயா அல்லது அம்மா என்று எழுதினேன். என் மகள் ஐந்தாம் வகுப்பு பி பிரிவில் படித்து வருகிறாள் என்று எழுதினேன். அடுத்த வரியில் காரணம் வர வேண்டும்.

"காரணம் இன்னான்னும்மா எழுதுறது?"

"தூங்குறான்னே எழுதுங்க அண்ணா. அதான நெசம்."

அந்தப் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னது, "சோம்பேறின்னு எழுதாதீங்க அங்கிள். நான் முழிச்சிருக்கத்தான் பாக்குறேன்." முன்கையைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது.

பேனா நின்றுவிட்டது. அந்த அம்மா, "இன்னா அண்ணா, எழுத்து மறந்துபோச்சா?" என்றார். நான் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "உள்ள வாங்கம்மா" என்று அவர்களையும் கூட்டிக்கொண்டு மேடம் ரூமுக்குள் திரும்பப் போனேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பசை, பிளைவுட், ஸ்பிரிங், நாலு தரம் போட்ட கையெழுத்து, நேற்று எனக்கு வந்த கொட்டாவி. சனிக்கிழமை திருட்டுத்தனமாகப் பிரிக்க இருந்ததையும் சொன்னேன். மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"ஏசி ஓடுற ரூம்ல காத்து இல்லைன்னு சொல்ற. எப்படி நம்புறது?"

"மத்தியானம் ஒரே ஒரு பீரியடு கடைசி பெஞ்சுல உக்காந்து பாருங்க மேடம். கதவத் தொறக்க வேணாம். அதுக்கப்புறம் நீங்க இன்னா சொன்னாலும் கேட்டுக்குறேன்."

அந்த அம்மா கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மேடம் உண்மையிலேயே போய் அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முழு பீரியடு உட்காரவில்லை. அரை மணி நேரத்தில் வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "டீ சொல்லு" என்றார்கள். பிறகு, "போய் உடைப்பா. இப்பவே. பசங்க இருக்கட்டும்" என்றார்கள்.

பிளைவுட்டைச் சுத்தியலால் தட்டிப் பெயர்த்தேன். கத்தியால் பசையைக் கீறி ஜன்னலைத் தள்ளினேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஷாப்பு வாசனை தாராளமாக உள்ளே வந்தது. ஒரு பையன் மூக்கைப் பிடித்தான், பக்கத்துப் பையன் அவன் கையைத் தட்டிவிட்டு, "உங்கப்பா வேல செய்யிற எடம்டா" என்றான்.

மரத்தடிக்குப் போய் அந்த அம்மாவிடம் டிசி வேண்டாம் என்று மேடம் சொன்னதைச் சொன்னேன். அவருக்குச் சட்டென்று புரியவில்லை.

"அப்போ இவளுக்கு நோவு ஒண்ணும் இல்லியா?"

"இல்லம்மா. ரூமுலதான் கோளாறு. நான் பண்ணது."

"எத்தினி நாளா?"

"பொங்கல்லேர்ந்து."

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "பொங்கல்லேர்ந்து நான் இவள அடிக்கிறேன் அண்ணா."

நான் நேராக வகுப்புக்குத் திரும்பிப் போனேன்.

அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். பெரியவர்கள் தன்னிடம் அப்படிப் பேசிப் பழக்கமில்லாததால் அதற்கு வெட்கமாகப் போய்விட்டது. "பரவால்ல அங்கிள்" என்று சொல்லிவிட்டு ஓடியது. எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். வேலை போகவில்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் வாசனை பற்றி மறுபடி கேட்டபோது மேடம், "வாசனை வரும், காத்தும் வரும். ரெண்டும் ஒரே வழியிலதான் வருது" என்று முடித்துவிட்டார்கள். இப்போது பீரியடுக்கு ஐந்து நிமிஷம் எல்லா ஏசி வகுப்புகளிலும் ஜன்னலைத் திறக்கிறோம். குளிர் போய்விடுகிறது என்று திட்டு வாங்குகிறேன். ரூமில் ஏதோ சரியில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், பிள்ளைகள் இருக்கும்போதே போய்க் கடைசி பெஞ்சில் பத்து நிமிஷம் உட்காருகிறேன். முழங்கால் மடக்க முடியவில்லைதான், இருந்தாலும் உட்காருகிறேன்.

அந்தப் பிள்ளை இப்போது ஆறாவது. நன்றாகப் படிக்கிறது. ஆனால் வகுப்பில் எப்போதாவது கொட்டாவி வந்தால், வாயைப் பொத்திக்கொண்டு யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றும் முற்றும் பார்க்கிறது. அதை நான் ஜன்னல் வழியாக இரண்டு தரம் பார்த்துவிட்டேன். ஒரு ரூமில் கெட்ட காற்று வெளியே போக ஐந்து நிமிஷம் போதும். தன்னைப் பற்றி நாம் சொன்ன கெட்ட பெயரை நம்பிவிட்ட பிள்ளையின் மனசிலிருந்து அது வெளியே போக எத்தனை நாள் ஆகும் என்று, இத்தனை வருஷம் மெஷின் பார்த்த எனக்குச் சொல்லத் தெரியவில்லை.